தாயின் வி.டி.ஆர்.எல். முடிவு எங்கே?

ஆறு வாரக் குழந்தை. மூக்கடைப்பு என்று கொண்டுவந்தார்கள். பால் குடிக்க வாய் வைத்தால் மூச்சு முட்டுகிறது, விட்டுவிட்டு அழுகிறது. மூன்று வாரம் சளி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. மூக்கிலிருந்து வழிந்த நீரில் லேசாக இரத்தம். உள்ளங்கால் தோல் உரிந்ததைப் பாட்டி 'செவ்வாப்பு' என்று சொல்லி எண்ணெய் தடவியிருந்தார். வலது கையைக் குழந்தை தூக்கவே இல்லை. சுளுக்கு என்று நினைத்து ஒருவரிடம் வழித்துவிட்டும் வந்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வயிற்றைத் தொட்டால் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிக் கையில் தட்டுப்பட்டன. மூக்கு, தோல், கை, வயிறு என்று பிரித்துப் பார்த்தால் நாலு மருந்து எழுதலாம். சேர்த்துப் பார்த்தால் ஒரே நோய்தான்: பிறவி சிஃபிலிஸ். சிஃபிலிஸ் என்பது உடலுறவால் பரவும் நோய். தாயின் இரத்தத்தில் இருக்கும் கிருமி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகிறது. கையெலும்பின் முனை அரித்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அந்த வலியில்தான் குழந்தை கையை அசைக்காமல் வைத்திருந்தது. அதைப் பிடித்து வழித்தபோது எவ்வளவு துடித்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

தாயின் கர்ப்பகால அட்டையைக் கேட்டேன். மூன்றாம் மாதம் வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸைக் கண்டுபிடிக்கும் இரத்தச் சோதனை) 'நெகட்டிவ்'. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவர் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார். ஊரும் மாறியது, மருத்துவமனையும் மாறியது. அட்டையில் நெகட்டிவ் இருக்கிறதே என்று அங்கே மறுபடி பார்க்கவில்லை. வெளியூர் வேலையிலிருந்து வந்துபோன கணவர் மூலம் இடையில் தொற்று வந்திருக்கிறது. இப்போது தாய்க்கு 1:16, குழந்தைக்கு 1:64.

இந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். 1:16 என்றால் இரத்த நீரை 16 மடங்கு நீர்த்த பிறகும் சோதனை பாசிட்டிவ்; எண் கூடக்கூட எதிர்ப்புப் புரதம் அதிகம். தாயின் எதிர்ப்புப் புரதமே குழந்தைக்குள் வந்திருக்கும் என்பதால், குழந்தையின் சோதனை பாசிட்டிவ் என்றால் மட்டும் நோய் உறுதி இல்லை. தாயைவிட நாலு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. குறைவாக இருந்தால் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரத்தம் தொப்புள்கொடியில் எடுக்காமல் குழந்தையிடமே எடுக்க வேண்டும்.

இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த அன்று நன்றாகவே இருப்பார்கள். குழந்தையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தாயின் முடிவு கையில் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கர்ப்பம் தெரிந்ததும் ஒரு முறை, கடைசி மூன்று மாதத்தில் ஒரு முறை சோதனை செய்ய வேண்டும் என்று வரும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சொல்கிறேன். கர்ப்பத்திலேயே தெரிந்து, பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னால் 24 லட்சம் யூனிட் பென்சாத்தீன் பென்சிலின் போட்டிருந்தால் இந்தக் குழந்தைக்கு இவ்வளவு பாடு வந்திருக்காது. தொற்று எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. பக்கத்திலேயே இலங்கை, தாயிடமிருந்து குழந்தைக்கு சிஃபிலிஸ் பரவுவதை ஒழித்ததற்காக 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

குழந்தைக்கு 10 நாள் பென்சிலின் ஊசி. நடுவில் ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், கெஞ்சியாவது வார்டிலேயே இருக்கச் சொல்வேன். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மார்பில் புண் இல்லையென்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அந்தப் பெண்ணிடம் தனி அறையில் பேசினேன். மாமியார் வெளியே இருந்தார். அவருக்கு இது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. "நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?" என்று கேட்டார். "ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். கணவரை மறுநாள் வரவழைத்து அவருக்கும் சோதனை செய்தோம். அவர் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் மனைவிக்கு மறுபடி வரும், அடுத்த குழந்தைக்கும் வரும் என்று விளக்கினேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றே போட்டுக்கொண்டார்.

இரண்டாவது வாரம் குழந்தை வலது கையை வாய்க்குக் கொண்டுபோனது. மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் 1:64 இறங்கி 1:8 ஆகியிருந்தது. அடுத்த சோதனைக்கான தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.