இறகுக்கு உயிர் கிடையாது

தரையில் கிடக்கும் புறா இறகு ஒன்றை எடுத்து, அதன் தட்டையான பகுதியை விரலால் பிரித்துப் பாருங்கள். நடுவில் ஒரு பிளவு விழும். இனி அந்த இடத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல நீவிவிடுங்கள். இரண்டு மூன்று நீவலில் பிளவு மூடிக்கொள்ளும். எந்த இடத்தில் பிரித்தோம் என்று அப்புறம் தேடினாலும் தெரியாது.

நுண்ணோக்கியில் வைத்தால்தான் சூட்சுமம் புரியும். நடுத்தண்டின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் கிளைகள். ஒவ்வொரு கிளையின் இரு பக்கமும் மறுபடி நுண்கிளைகள். இறகின் நுனியைப் பார்த்திருக்கும் நுண்கிளைகளில் குட்டிக் குட்டிக் கொக்கிகள் இருக்கும். அடியைப் பார்த்திருக்கும் நுண்கிளைகளில் கொக்கி கிடையாது. விளிம்பு மடிந்து வரப்புபோல் நிற்கும். ஒரு கிளையின் கொக்கி, பக்கத்துக் கிளையின் வரப்பில் மாட்டிக்கொள்ளும். பையில் இருக்கும் ஜிப் மாதிரிதான். ஆனால் ஜிப்பில் ஒரு பல் போனால் பையே போச்சு. இங்கே அளவுக்கு மீறி இழுத்தால் கொக்கி உடையாது, வழுக்கி விலகிக்கொள்ளும், திரும்ப மாட்டிவிடலாம். பறவை நாள் முழுக்க அலகால் இறகைக் கோதிக்கொண்டிருப்பது அழகுக்காக மட்டுமல்ல, கழன்ற கொக்கிகளை மாட்டிவிடவும்தான்.

கழன்றதை அலகால் மாட்டுவதற்குக் காரணம் உண்டு. வளர்ந்து முடிந்த இறகு உயிரில்லாத பொருள். அதில் ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. நம் நகத்தைப் போல அதுவும் கெரட்டின் என்ற புரதம்தான், வகை மட்டும் வேறு. உடைந்தால் தானாக ஆறாது. ஆகவே இறகு செய்யும் வேலை எதுவானாலும், அது வளரும்போதே அதன் வடிவத்தில் எழுதி வைக்கப்பட்டாக வேண்டும்.

வளரும்போது மட்டும் அதற்கு உயிர் உண்டு. தோலில் உள்ள குழியிலிருந்து, உறைக்குள் சுருட்டிவைத்த குழாயாக அது வெளியே வரும். அந்தச் சமயத்தில் ஒடிந்தால் ரத்தம் கசியும். நுனிதான் முதலில் உருவாகும், அடி கடைசியில். வளர்ந்த இறகு சிலவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கே மங்கலும் வெளிர்ப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒரு மங்கல், ஒரு வெளிர்ப்பு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு நாள் வளர்ச்சி. அந்த நாட்களில் பறவை பட்டினி கிடந்திருந்தாலோ மிரண்டிருந்தாலோ அந்த இடத்தில் மெலிந்த கோடு ஒன்று விழும். பின்னால் இறகு ஒடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இனி நிறம். கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருபவை. பூநாரையின் இளஞ்சிவப்பு அது தின்னும் இரையிலிருந்து வருவது. அந்த இரை கிடைக்காவிட்டால் வெளுத்துப் போகும். நீலம் மட்டும் தனிக்கதை. பறவைகளின் இறகில் நாம் பார்க்கும் நீலத்துக்குப் பின்னால் நீல நிறமி கிடையாது. கிளைகளுக்குள் கெரட்டினும் காற்றும் கலந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளுடன் பஞ்சு மாதிரி இருக்கும். அந்தத் துளைகளின் இடைவெளி நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்பும். மிச்ச ஒளியை அடியில் இருக்கும் மெலனின் விழுங்கிவிடும். நீல இறகை அரைத்துத் தூளாக்கினால் நீலம் காணாமல் போய் மங்கல் பழுப்புதான் மிஞ்சும். பட்ஜரிகர் என்ற சிறு கிளியின் பச்சை, இந்த நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்து வருவது. மஞ்சளை உண்டாக்கும் மரபணு பழுதான பட்ஜரிகர் நீலமாகவே பிறக்கும்.

மயிலின் தோகையில் வேலை நுண்கிளைகளில் நடக்கிறது. மெலனின் கம்பிகள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். அடுக்கின் இடைவெளி கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகும். 1665இலேயே ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியில் பார்த்து, நனைத்தால் அதன் நிறம் போய்விடுகிறது என்று எழுதி வைத்தார்.

எல்லோரும் மயிலைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் கல் கௌதாரி ஆணின் மங்கிய வயிற்று இறகுதான் இதைவிடப் பெரிய வித்தை. இது பாலைவனத்துப் பறவை, கூடு தண்ணீருக்கு வெகு தொலைவில் இருக்கும். குஞ்சுகள் தின்பதோ காய்ந்த விதை. அதனால் ஆண் பறவை நீர்நிலைக்குப் பறந்து போய், வயிறு நனைய இறங்கி உட்கார்ந்து, உடம்பை ஆட்டி ஆட்டித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு திரும்பும். குஞ்சுகள் அந்த இறகுகளை அலகால் உருவிக் குடிக்கும். 1896இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயப் பறவை ஆர்வலர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் பறவை ஆய்வாளர்கள் டாம் கேட், கார்டன் மக்லீன் இருவரும் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் கள ஆய்வு செய்து உறுதிப்படுத்தினார்கள். ஒரு ஆண் சுமக்கும் தண்ணீர் சுமார் 25 மில்லிலிட்டர்.

அந்த இறகின் நுண்கிளைகள் காய்ந்திருக்கும்போது சுருள் சுருளாகப் படுத்திருக்கும். நனைந்ததும் சுருள் பிரிந்து நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும். நெருக்கமாக நிற்கும் அந்த இழைகளுக்கு நடுவே தண்ணீர் பறக்கும்போதும் சிந்தாமல் தங்கிவிடும். தசை இல்லை, நரம்பு இல்லை. ஈரம் பட்டதும் கெரட்டின் தானே வடிவம் மாறுகிறது.

ஆந்தையின் சத்தமில்லாத பறப்பும் இறகின் வடிவம் செய்யும் வேலைதான்: சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள், பின்விளிம்பில் தளர்ந்த இழைகள், மேலே வெல்வெட் மாதிரி மென்மை.

சரி, உயிரில்லாத பொருள் தேய்ந்துதானே போகும்? போகும். வெயிலும் உராய்வும் இறகை அரித்துவிடும். கடல்காக்கை பலவற்றின் சிறகு நுனி கறுப்பாக இருப்பதில் இந்த லாபம் உண்டு. மெலனின் உள்ள இடம் சீக்கிரம் தேயாது. என்ன செய்தாலும் ஒரு கட்டத்தில் பழசை உதிர்த்துப் புதுசை வளர்ப்பதைத் தவிர வழியில்லை. பெரும்பாலான பறவைகள் இடச் சிறகில் ஒன்று, வலச் சிறகில் ஒன்று என்று ஜோடி ஜோடியாக உதிர்ப்பதால் பறப்பது நிற்காது. வாத்துகள் பறக்க உதவும் சிறகு இறகுகளை மொத்தமாக ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். புதுசு வளரும்வரை சில வாரம் பறக்கவே முடியாது. பல வகை வாத்துகளில் ஆணின் பளிச்சென்ற நிறம் அந்தக் காலத்தில் மங்கி, பெண் வாத்தைப் போலவே ஆகிவிடும். பறந்து தப்ப முடியாதபோது கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்கு நல்லது.