பனியின் வயது வேறு, அதற்குள் இருக்கும் காற்றின் வயது வேறு

தென் துருவத்தில் விழும் பனி உருகுவதில்லை. மேலே சேரும் புதுப்பனியின் பாரத்தில் அமுங்கி, ஆண்டுக்காண்டு இறுகிக்கொண்டே போகிறது. மேற்பரப்பில் கன மீட்டருக்குச் சுமார் 350 கிலோ எடையுள்ள பனி, ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்தில் 830 கிலோ அளவை எட்டும்போதுதான், மணிகளுக்கு இடையிலான கடைசி இடுக்குகளும் அடைபட்டுக் காற்று குமிழிகளாகச் சிறைப்படுகிறது. அதற்கு மேலுள்ள, இன்னும் மூச்சுவிடும் இந்த அடுக்குக்கு ஃபிர்ன் என்று பெயர்.

வெளிக்காற்று ஃபிர்னுக்குள் மெல்ல ஊடுருவி இறங்கியபடியே இருப்பதால், பனியின் வயதும் அதற்குள் இருக்கும் காற்றின் வயதும் ஒன்றாக இருப்பதில்லை. தென் துருவத்தில் ஃபிர்னின் அடியிலுள்ள பனி ஆயிரம் ஆண்டு பழையது. அங்குள்ள காற்றோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அன்டார்க்டிகாவின் கிழக்குக் கரையோரத்தில், பனி மிகுதியாகப் பெய்யும் லா டோம் என்ற இடத்தில், சுமார் 40 ஆண்டுப் பனிக்குள் 10 ஆண்டுக் காற்றுதான் இருக்கிறது.

குளிர்சாதனங்களில் பயன்பட்டு ஓசோன் படலத்தைக் குலைத்த குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்களின் வரலாற்றை அறியக் குமிழிகளை விட ஃபிர்னே வசதியானது என்பேன். ஒரு கிலோ பனிக்கட்டியை நொறுக்கினால் கிடைக்கும் காற்று 100 மில்லிலிட்டர் அளவே. லட்சம் கோடி மூலக்கூறுகளில் சில நூறாக மட்டுமே உள்ள வாயுவை அளக்க அது போதாது. ஃபிர்னிலிருந்தோ நூற்றுக்கணக்கான லிட்டர் இறைக்கலாம்.

இறைக்கும் முறை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. சில மீட்டர் துளைத்ததும் துளைப்பானை வெளியே எடுத்துவிட்டு, நடுவே குழாய்கள் செல்லும் நீண்ட ரப்பர் பையைத் துளைக்குள் இறக்கி ஊதுகிறார்கள். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு மேற்காற்றைத் தடுத்துவிடும். பைக்குக் கீழிருந்து உறிஞ்சப்படும் காற்றில் கரியமில வாயுவின் அளவு மாறாமல் நிற்கும் வரை அதை வெளியே விட்டு, பிறகுதான் குடுவைகளை நிரப்புகிறார்கள். பின்னர் பையை எடுத்துவிட்டு மீண்டும் துளைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் பம்பு ஓடினாலும் காற்று வராது. இடுக்குகள் அடைபட்ட ஆழம் வந்துவிட்டது என்று பொருள்.

குடுவையில் இருப்பதை அப்படியே ஒரு குறிப்பிட்ட ஆண்டின் காற்று என்று கொள்ள முடியாது. அது பல ஆண்டுக் காற்றின் கலவை. போதாக்குறைக்கு, புவியீர்ப்பால் கனமான மூலக்கூறுகள் அடியில் சற்றுக் கூடுதலாகத் தேங்குகின்றன. அந்தத் தேக்கத்தின் அளவை நைட்ரஜனின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அதன் அணு வகைகள், காட்டிக்கொடுக்கும். கலப்பின் வேகத்தை அறிய, நேரடி அளவீடுகளால் வரலாறு ஏற்கெனவே தெரிந்த கரியமில வாயு போன்றவற்றைக் கொண்டு கணக்கு மாதிரியைச் சரிசெய்து, பிறகு வரலாறு தெரியாத வாயுவுக்கு அதையே பின்னோக்கி இயக்குகிறார்கள். ஓரிரு ஆண்டு மட்டும் நீடித்த ஏற்ற இறக்கங்கள் கலப்பில் மழுங்கிவிடும் என்பதால் அவற்றை மீட்க வழியில்லை.

இப்படி 1999இல் வெளியான ஆய்வில், ஃபிர்னின் ஆழத்துக் காற்றில் குளோரோஃபுளூரோகார்பன்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று தெரிந்தது. அவற்றுக்குக் குறிப்பிடத்தக்க இயற்கை ஊற்று கிடையாது, வந்தவை தொழிற்சாலைகளிலிருந்தே. பூச்சிகளைக் கொல்லப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு வாயு அப்படியல்ல. மிகப் பழைய காற்றிலும் அது இருந்தது. அலுமினிய ஆலைகள் வெளியிடும் கார்பன் டெட்ராஃபுளூரைடும், அந்த ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே லட்சம் கோடியில் 34 பங்கு அளவில், பாறைகளிலிருந்து கசிந்து காற்றில் கலந்திருந்தது.