பயிற்சி வேலைக்குப் போகும் காது கேளாத மாணவர்: சைகை மொழிபெயர்ப்பாளருக்கு பிரிட்டனில் யார் பணம் தருவார்கள்?

நர்ஸிங், ஆசிரியர் பயிற்சி, சமூகப்பணி போன்ற படிப்புகளில் பிளேஸ்மென்ட் எனப்படும் பயிற்சி வேலையை முடிக்காமல் பட்டம் கிடைக்காது. பொறியியல், வணிகம் படிப்பவர்களில் பலர் ஓராண்டு முழுக்க ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடைசி ஆண்டுக்குத் திரும்புவார்கள். வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க நன்றாகப் படித்துவந்த மாணவருக்கு, பயிற்சிக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் கிடைத்த உதவி அங்கேயும் தானாக வந்துவிடுமா?

தானாக வராது, கேட்டுத்தான் பெற வேண்டும். யாரிடம் கேட்பது என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் உண்டா, இல்லையா.

சம்பளம் இல்லாத, படிப்பின் பகுதியான பயிற்சி என்றால் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகையான டிசேபிள்டு ஸ்டூடன்ட்ஸ் அலவன்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுருக்கமாக டி.எஸ்.ஏ. என்பார்கள். இங்கிலாந்து மாணவர்களுக்கு ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து இதை வழங்குகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் தனித்தனி அமைப்புகள் உண்டு. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பதில்லை. 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உச்சவரம்பு 27,783 பவுண்ட். பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் கருவிகள், மென்பொருள், மொழிபெயர்ப்பாளர் கட்டணம் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். சைகை மொழியையே நம்பியிருக்கும் மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் செலவே இதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் டி.எஸ்.ஏ.வுக்காக நடக்கும் தேவை மதிப்பீட்டுச் சந்திப்பில் வகுப்பு நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த ஆண்டில் பயிற்சி, எத்தனை வாரம், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் அன்றைக்கே சொல்லி அறிக்கையில் எழுதச் செய்யுங்கள். மதிப்பீட்டை முன்பே முடித்துவிட்டவர்கள், பயிற்சி உறுதியானவுடன் மறுபரிசீலனை கேட்கலாம்.

சம்பளம் உள்ள பயிற்சி என்றால் அது வேலைதான். அதற்கு, மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்க உதவும் ஆக்சஸ் டு வொர்க் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. 1994 முதல் நடைமுறையில் உள்ள இதை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை நடத்துகிறது. வட அயர்லாந்தில் இதே பெயரில் தனித் திட்டம் உண்டு. விண்ணப்பிக்க வேண்டியவர் மாணவர்தான், நிறுவனம் அல்ல.

இதற்கு உச்சவரம்பு வந்தது 2015-இல். அப்போது ஆண்டுக்கு 40,800 பவுண்ட். முழுநேரம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் காது கேளாதோரைத்தான் அது அதிகம் பாதித்தது. அவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018-இல் வரம்பு 57,200 ஆக உயர்ந்தது. 2024 ஏப்ரலில் அது 69,260 பவுண்ட்.

நிறுவனத்திடம் தயங்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: மொழிபெயர்ப்பாளர் போன்ற ஆள் உதவிக்கு, அனுமதித்த தொகைக்குள், திட்டமே முழுச் செலவையும் ஏற்கிறது. நிறுவனம் பங்கு போட வேண்டியதில்லை. இது தெரியாமல் செலவுக்குப் பயந்து பின்வாங்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கான மொழிபெயர்ப்பாளருக்கும் இத்திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

விண்ணப்பம் முடிவாக மாதங்கள் பிடிக்கின்றன. நான்கு வாரத்துக்குள் வேலை தொடங்குபவர்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள், அதனால் தொடங்கும் தேதி குறிப்பிட்ட கடிதத்தை உடனே வாங்கி அனுப்பிவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் கேட்பது என்பதில்தான் மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே குறை வைத்துக்கொள்கிறார்கள். மீட்டிங் மட்டும் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் நாள் அறிமுகம், பாதுகாப்புப் பயிற்சி, வார்டில் ஷிப்ட் மாறும்போது சொல்லும் தகவல்கள், மேற்பார்வையாளரின் மதிப்பீடு, இவை எதுவும் விட்டுப்போகக் கூடாது. நீண்ட நேரப் பணிக்கு இருவர் மாறிமாறி மொழிபெயர்ப்பது வழக்கம்; அதையும் கணக்கில் சேருங்கள். தகுதி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்களைப் பட்டியலிடும் என்.ஆர்.சி.பி.டி. பதிவேட்டில் உள்ளவர்களையே தேடுங்கள். மருத்துவமனையில் நோயாளியின் ரகசியம் காக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் சைகை தெரிந்த நண்பரை அழைத்துப்போவது மாணவருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் முன்கூட்டியே புக் ஆகிவிடுவதால், பணம் உறுதியாகும் முன்பே தேதியைச் சொல்லிவைப்பது உத்தமம்.

பணம் போதவில்லை, அல்லது பயிற்சி தொடங்கும் நாளுக்குள் முடிவு வரவில்லை என்றால்? 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகத்தின் மீது நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையைச் சுமத்துகிறது. மாணவர் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே திட்டமிடுவதும் அந்தக் கடமையில் அடக்கம். இடைக்காலச் செலவை ஏற்கும்படி மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்து படிப்பவர்களுக்கு டி.எஸ்.ஏ. கிடையாது. இது வருத்தமான விஷயம், ஏனென்றால் அதிகக் கட்டணம் கட்டுபவர்களும் அவர்களே. ஆனால் சமத்துவச் சட்டம் அவர்களையும் காக்கிறது. படிப்பில் சேரும் முன்பே, இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்த கையோடு, பயிற்சிக் காலத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் தருவார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.