ஸ்கெட்ச்: புனையா ஓவியம்

பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் வண்ணப் பேனாவை ‘ஸ்கெட்ச்’ என்கிறோம். ‘அவனுக்கு ஸ்கெட்ச் போட்டாச்சு’ என்றால் ஆளை மடக்கத் திட்டம் தயார் என்று பொருள். ஓவியர்கள் சொல்லும் ஸ்கெட்ச் வேறு: பென்சிலால் விறுவிறுவென்று இழுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்திய படம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கிரேக்கத்தில் ‘ஸ்கெதியோஸ்’ என்றால் முன்னேற்பாடின்றி அந்த நேரத்தில் செய்தது. அது லத்தீன் வழியே இத்தாலியில் ‘ஸ்கிட்ஸோ’ ஆனது. அங்கே அதற்குத் தெறிப்பு என்ற பொருளும் உண்டு. டச்சுக்காரர்கள் ‘ஸ்கெட்ஸ்’ என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. கவனியுங்கள்: வேரில் இருப்பது வேகம் மட்டுமே. ‘குறைபட்டது’ என்ற பொருள் அங்கே இல்லை.

உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் முதலிடம் தந்த ஐரோப்பாவின் ரொமான்டிக் காலத்து ஓவியர்களிடம் இந்த வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஜெர்மானியரான காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் (1774–1840) ஒரு மரத்தைக் கிளை கிளையாக வரைவார். சுற்றிலும் தாள் வெறுமையாகக் கிடக்கும். வரைந்த தேதியை ஓரத்தில் குறிப்பார். அந்த மரமே பல ஆண்டுகள் கழித்து எண்ணெய் வண்ண ஓவியத்தில், பனிக்கும் மூடுபனிக்கும் நடுவே வந்து நிற்கும். ஓவியம் பிரமாதம்தான். ஆனாலும் எனக்கு அந்தத் தாள்தான் நெருக்கம். கை எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது, இனி போதும் என்று எங்கே எழுந்தது, எல்லாம் அதில் தெரிகிறது. வண்ணம் ஏறிய பிறகு இந்தத் தடங்கள் மூடிவிடுகின்றன. இங்கிலாந்தின் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813இலும் 1814இலும் நிரப்பிய கையடக்கக் குறிப்பேடுகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதே நாட்டு ஓவியர் டர்னரோ சுமார் 300 குறிப்பேடுகளை விட்டுச் சென்றார்.

ஸ்கெட்சைத் தமிழில் ‘கோட்டோவியம்’ என்கிறார்கள். நல்ல சொல். ஆனால் நுணுக்கி நுணுக்கி முடித்த கோட்டுப் படத்துக்கும் அது பொருந்திவிடுகிறது. ‘முன்வரைவு’ என்றால் பின்னால் வரப்போகும் வேறொன்றுக்கு ஏவல் செய்வதாகிவிடும். ஃப்ரீட்ரிக்குக்கு அந்த மரம் முன்வரைவாக இருந்திருக்கலாம். இன்று அதைப் பார்க்கும் நமக்கு அப்படியல்ல.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. சங்கப் பாடலான நெடுநல்வாடையில் தலைவன் பாசறையில் இருக்கிறான். அணிகளைக் களைந்து வாடியிருக்கும் அரசியைப் புலவர் ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார். வண்ணம் தீட்டாமல் வடிவத்தை மட்டும் கோட்டால் காட்டிய ஓவியம் என்று நச்சினார்க்கினியர் உரை விளக்குகிறது. மணிமேகலையிலும் இத்தொடர் வருகிறது. புனையா என்றால் ஒப்பனை செய்யாத. அரைகுறை என்று பொருளில்லை. அணி இல்லாததால் அரசியின் அழகு குறைந்ததாகப் புலவர் சொல்லவில்லை. ரொமான்டிசிசத்தைப் ‘புனைவியல்’ என்று பெயர்ப்பதும் உண்டு என்பதால், புனைவியலாரின் புனையா ஓவியங்கள் என்று எழுத எனக்குத் தனி மகிழ்ச்சி.

‘புனையா’ வேகத்தைச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். வேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘விரைகோட்டுப் படம்’ என்று எழுதலாம். தனித்து நின்று நம்மைப் பார்க்கவைக்கும் பென்சில் படத்துக்கு நான் புனையா ஓவியம் என்றே எழுதுகிறேன்.