ட்ரீம்காஸ்ட் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்: சூடு எந்த வழியாக வெளியே போகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழுதான பழைய சேகா ட்ரீம்காஸ்ட் வீடியோ கேம் பெட்டி ஒன்று கையில் இருக்கிறது, உள்ளே உள்ளதை எடுத்துவிட்டு அந்தக் கூட்டுக்குள் ஒரு முழு கம்ப்யூட்டரை வைக்க ஆசை, ஆனால் அவ்வளவு சின்னப் பெட்டியில் சூடு தாங்குமா? இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உள்ளே நுழையுமா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

நுழையும். ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, 2001-ல் சேகா தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் அகலம் 190 மி.மீ., ஆழம் சுமார் 196 மி.மீ., உயரம் 75 மி.மீ. சொச்சம். கடையில் கிடைக்கும் மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு 170-க்கு 170 மி.மீ. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மிச்சம், அதிலும் கூட்டின் தடிமன் கொஞ்சம் தின்றுவிடும். உள்ளே நிற்கும் பிளாஸ்டிக் தூண்களை வெட்டி எடுங்கள், பின்சுவரில் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ வாய்களுக்கு இடம் விடுங்கள், பவர் சப்ளையை லேப்டாப்பில் போல வெளியே அடாப்டராக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துப் பழைய கன்ட்ரோலர் சாக்கெட்டுகளைக்கூட ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி ஓட்டும் சில்லு) வைத்து யுஎஸ்பியாக மாற்றலாம். பழைய பவர் சப்ளையைக் கழற்றும்போது மட்டும் ஜாக்கிரதை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கப்பாசிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அப்புறம், ஓடுகிற ட்ரீம்காஸ்டை இதற்காகப் பிரிக்காதீர்கள். இனி யாரும் அதைத் தயாரிக்கப் போவதில்லை. லென்ஸ் போனது, போர்டு செத்தது என்று மூலையில் கிடக்கும் பெட்டிகள் தேடினால் கிடைக்கும்.

சரி, சூட்டுக்கு வருவோம். ப்ராசஸருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 65 வாட் ப்ராசஸர் என்றால் நொடிக்கு 65 ஜூல். அதைச் சுமந்துகொண்டு போக காற்றைத் தவிர வேறு ஆள் இல்லை, காற்றோ வெப்பத்தைச் சுமப்பதில் மிகவும் நோஞ்சான். உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நொடிக்குச் சுமார் ஐந்தரை லிட்டர் காற்று ஓட வேண்டும். ட்ரீம்காஸ்ட் பெட்டியின் மொத்தக் கொள்ளளவே 2.8 லிட்டர்தான். அதாவது ஒவ்வொரு நொடியும் பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் இரண்டு முறை மாற வேண்டும்! சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது உள்ளே போகிற காற்றும் அதே 38-ல்தான் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வெப்பம் பிறக்கிற சிலிக்கான் சில்லு விரல் நகம் அளவுதான். காற்றுக்கோ பரந்த மேற்பரப்பு வேண்டும், அதனால்தான் ப்ராசஸரின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கில் அத்தனை மெல்லிய தகடுகள். நகம் அளவு இடத்தில் பிறக்கும் வெப்பத்தை இந்தத் தகடுகள் எல்லாவற்றுக்கும் எப்படிப் பரப்புவது? கெட்டியான செம்பு போதாதா என்று தோன்றும். 6 மி.மீ. விட்டம், 10 செ.மீ. நீளமுள்ள கெட்டிச் செம்புக் கம்பி வழியாக 30 வாட் போக வேண்டுமானால் இரண்டு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 265 டிகிரி வித்தியாசம் வேண்டும். ப்ராசஸரோ 100 டிகிரியை நெருங்கும்போதே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். செம்புக்கே இந்த நிலை.

இப்போது அதே கம்பியை உள்ளே பொள்ளலாக்குங்கள். உள்சுவர் முழுக்கச் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டி, நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு பூச்சு உண்டாக்குங்கள். அதற்குத் திரி என்று பெயர். அந்தத் திரியை நனைக்கிற அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு முனையை மூடிவிடுங்கள். இதுதான் ஹீட் பைப், வெப்பக்குழாய். கெட்டிக் கம்பிக்கு 265 டிகிரி தேவைப்பட்ட இடத்தில் இதற்குச் சில டிகிரி போதும். எனக்கு இன்றுவரை இது அதிசயமாகவே இருக்கிறது.

எப்படி நடக்கிறது? ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், காரணம் அங்கே காற்றழுத்தம் குறைவு என்று பள்ளியில் படித்திருப்போம். குழாய்க்குள் காற்றே இல்லை, தண்ணீரும் அதன் ஆவியும்தான். அறை 30 டிகிரி என்றால் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 24-ல் ஒரு பங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலையே 30 டிகிரிதான்! எனவே ஒரு முனை ப்ராசஸர் மேல் பட்டுக் கொஞ்சம் சூடானாலே அங்கே இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, ஒரு கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல். சூடான முனையில் அழுத்தம் லேசாகக் கூடுவதால் ஆவி தானாகவே குளிர்ந்த முனைக்குப் பாய்கிறது. அங்கே தகடுகளுக்கு நடுவில் மறுபடி தண்ணீராகி, வாங்கிய வெப்பம் அத்தனையையும் அப்படியே இறக்கி வைக்கிறது. அந்தத் தண்ணீரைத் திரியின் நுண்துளைகள் உறிஞ்சி இழுத்து மீண்டும் சூடான முனைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பம்பு இல்லை, மோட்டார் இல்லை, தேய்ந்துபோக எதுவும் இல்லை. சூடுதான் இதற்கு விசை.

65 வாட்டையும் கடத்த எவ்வளவு தண்ணீர் சுற்றி வர வேண்டும் தெரியுமா? நொடிக்கு 27 மில்லிகிராம். இரண்டு நொடிக்கு ஒரு துளி, அவ்வளவுதான்.

இதற்கும் எல்லை உண்டு. துளைகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பலமாகத் தண்ணீரை இழுக்கும், ஆனால் அவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் தண்ணீர் உள்ளே நகரவும் முடியும். வெப்பம் அளவுக்கு மீறினால் திரி கொண்டுவருவதைவிட வேகமாகத் தண்ணீர் ஆவியாகித் தீர்ந்து, சூடான முனை காய்ந்துவிடும். அந்தக் கணத்தில் குழாய் வெறும் செம்புத் தகடாகிவிடுகிறது, வெப்பநிலை சட்டென்று ஏறும். குழாயை இஷ்டத்துக்கு வளைத்தாலோ நசுக்கினாலோ இதே கதிதான். இடம் போதவில்லை என்று குறட்டால் அமுக்கப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழாயின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆராய்ச்சி மானியம் பற்றிய எரிச்சல் ஒன்று கிளம்பும். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ரிச்சர்ட் காக்லர் 1944-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், சீந்துவார் இல்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்வெளியில் அணு உலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வின்போது இதைத் தனியாகக் கண்டுபிடித்தார். பிறகு செயற்கைக்கோளுக்குப் போய், லேப்டாப்புக்கு வந்து, ஜப்பானில் முதலில் விற்ற ட்ரீம்காஸ்ட்களுக்குள்ளும் ஒரு வெப்பக்குழாய் இருந்தது. பின்னால் வந்தவற்றில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஹீட் சிங்க் வைத்தார்கள். வீடியோ கேமுக்கு உதவும் என்று சொல்லியா குரோவர் பணம் கேட்டிருக்க முடியும்? நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் (2020-21 கணக்கு). அந்தக் கொஞ்சத்துக்கும் உடனே என்ன பயன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இப்படிப்பட்ட பொருள் இங்கே பிறக்காது.

கேள்வி கேட்டவருக்கு என் யோசனை இது. 65 வாட் வேண்டாம், 35 வாட் ப்ராசஸர் போதும். பழைய விளையாட்டுகளும் சினிமாவும்தான் என்றால் இன்டெல் என்100 போதும், அதன் கணக்கு வெறும் 6 வாட். வெப்பக்குழாய் உள்ள, ஃபேனோடு சேர்த்து 37 மி.மீ. உயரமே வரும் கூலர்கள் கிடைக்கின்றன, டிஸ்க் டிரைவை எடுத்துவிட்டால் அந்த உயரம் உள்ளே கொள்ளும். ஃபேனுக்கு மேலே ஒரு விரல் அளவாவது வெற்றிடம் விட்டு, டிஸ்க் மூடிக்கு அடியில் இருக்கும் தட்டில் துளைகள் போட்டுக் காற்றை உள்ளே விடுங்கள், பக்கவாட்டில் பழைய ஃபேன் இருந்த இடத்தையே வெளியேறும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டை நிறைய பூசினால் நன்றாகக் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள், தவறு. சாதாரண பேஸ்ட் வெப்பத்தைக் கடத்துவது செம்பில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் காற்றைத் துரத்துவது ஒன்றுதான் அதன் வேலை, அதற்கு மெல்லிய படலம் போதும்.

செத்த லேப்டாப் ஏதாவது வீட்டில் இருந்தால் அதிலிருந்து வெப்பக்குழாயை எடுத்து, ஒரு முனையை விரலால் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சுடுதண்ணீர் டம்ளரில் வைத்துப் பாருங்கள். சில நொடிகளில் விரலை எடுத்துவிடுவீர்கள். சூடு ஏறவே நேரமாகிறது என்றால் அந்தக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது, அதை உங்கள் ட்ரீம்காஸ்டில் வைக்க வேண்டாம்.