சிப்பிக் குஞ்சின் முதல் இரண்டு நாள்

கடல் அமிலமாகிறது என்றதும் சிப்பியின் ஓடே கரைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வளர்ந்த சிப்பி அவ்வளவு சீக்கிரம் கரையாது. அடி வாங்குவது குஞ்சுதான். பொரிப்பகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு அது நுண்ணோக்கியிலேயே தெரிந்துவிடும்.

கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவக் குஞ்சாகிறது. ஒரு பக்கம் நேரான கீல். உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் மெல்லிய ஓடு. இந்த ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகையால் ஆனது. பெரிய சிப்பி ஓட்டில் மிகுந்திருக்கும் கால்சைட் என்ற இன்னொரு வகையைவிட எளிதாகக் கரையும். ஓடு கட்டும் அந்த நேரத்தில் குஞ்சுக்கு இரை எடுக்கத் தெரியாது. தாய் முட்டையில் வைத்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. கடல் அமிலமானால் ஓட்டுக்கு மூலப்பொருளான கார்பனேட் தண்ணீரில் குறையும்; அப்போது அதே ஓட்டைக் கட்ட அதிகச் சக்தி போகும். பிறகு நீந்தவும் பாசி தின்னவும் தெம்பு இருக்காது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவின் விஸ்கி க்ரீக் பொரிப்பகம் 2007 வாக்கில் இப்படித்தான் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாக இழந்தது. முதலில் விப்ரியோ கிருமி மேல்தான் சந்தேகம். கிருமியை ஒழித்தும் சாவு நிற்கவில்லை. பர்க் ஹேல்ஸ் முதலான ஆய்வாளர்கள் தண்ணீரின் வேதியியலை அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: கோடையில் வடகாற்று வீசும்போது, கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) மிகுந்து அமிலமான ஆழ்கடல் தண்ணீர் கரையோரம் மேலே வருகிறது. இப்போது தொட்டித் தண்ணீரில் சோடியம் கார்பனேட் கலக்கிறார்கள். ஆமாம், சலவை சோடாவில் இருப்பதேதான்! பகலில் கடற்புல் கரிவாயுவை உறிஞ்சிவிடுவதால், பிற்பகலில் தண்ணீர் எடுப்பதும் உதவியது.

சூடு வேறு தினுசு. கடல் வற்றும் நேரத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் மசல் சிப்பி வாயை மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் காயும். 2021 ஜூன் வெப்ப அலையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையில் அவை பாறையிலேயே வெந்து செத்தன. நிழல் பக்கம் இருந்தவை ஓரளவு தப்பின. சூட்டைத் தாங்கச் சிப்பி தனிப் புரதங்களைச் செய்துகொள்ளும். அதற்கும் சக்தி வேண்டும். சூடும் அமிலமும் சேர்ந்து வரும்போது ஓட்டுக்கும் வளர்ச்சிக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பொரிப்பகம் நடத்துபவர்கள் குஞ்சு செத்தால் உடனே ஆன்டிபயாட்டிக்கைத் தேடாதீர்கள். அமில அளவைக் காட்டும் பிஎச் மட்டும் பார்த்தாலும் போதாது, அமிலத்தைத் தாங்கும் திறனான காரத்தன்மையையும் அளந்து பாருங்கள். மழை வெள்ளம் கழிமுகத்தில் இறங்கினால் காரத்தன்மை சட்டென்று குறையும். அப்புறம், சோடாவை அளவோடு, நன்றாகக் கரைத்து விடுங்கள். கூடிப்போனால் சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடும்.