ராக்கெட்டே இறங்குது, ட்ரோன் இறங்காதா?

இந்த ஆடியில் மட்டும் என் ரிப்பேர் கடைக்கு உடைந்து வந்த ட்ரோனில் இது நாலாவது. சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, மருந்தடிக்கிற ட்ரோனை உரச்சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் கொட்டினான். கை இரண்டு முறிந்திருந்தது, றெக்கை மூன்று தூளாகியிருந்தது, தொட்டி பிளந்து ஒரே மருந்து வாடை. தென்னையில் மோதியிருக்கிறது.

"திரும்பி வர்ற பட்டனை அமுக்கிட்டுத்தாண்ணே போன் பேசிக்கிட்டிருந்தேன். ராக்கெட்டே தானா வந்து எறங்குதுங்கிறாய்ங்க, இது எறங்காதா?"

உடைந்து வந்தால் எனக்கு வரும்படிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ராக்கெட் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எல்லாரும் பார்ப்பது ஒரே வீடியோ. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியுடைய ஃபால்கன் 9 ராக்கெட்டின் கீழடுக்கு நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்து காலை விரித்து நிற்கும். 2015 டிசம்பரில் கேப் கனாவரலில் அது முதல்முறை தரையில் நின்ற அன்று நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் அதிலிருந்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்டது 'தானா' என்ற ஒரு சொல்லை மட்டும்.

முதலில், அது மிதந்து வந்து, இடம் பார்த்து, பதவிசாக உட்காரவில்லை. அதனால் மிதக்கவே முடியாது. எரிபொருள் ஏறக்குறையத் தீர்ந்து உடம்பு லேசாகியிருக்கும். ஒன்பது இன்ஜினில் ஒன்றை மட்டும் எரியவிட்டு, அதையும் முடிந்தவரை தணித்து வைத்தாலும், அது தள்ளுகிற விசை ராக்கெட்டின் எடையைவிட அதிகம். சீக்கிரமே பற்றவைத்தால் அந்தரத்தில் நின்று மறுபடி மேலே கிளம்பிவிடும். தாமதித்தால் தரையில் அறையும். வேகம் பூஜ்யமாகிற நொடியும் உயரம் பூஜ்யமாகிற நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் யோசிக்க ஏது நேரம்? நின்று யோசிக்கிற வசதி உங்கள் ட்ரோனுக்குத்தான் இருக்கிறது. அந்த வசதிதான் நம்மைக் கெடுக்கிறது.

அப்படியானால் அதை இறக்குகிற அல்காரிதம், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதிக்கொடுத்த கணக்குமுறை, என்னதான் செய்கிறது? இப்போது இருக்கிற இடம், வேகம், மிச்சமுள்ள எரிபொருள் எல்லாவற்றையும் வைத்து, இன்ஜினின் உச்ச விசை, குறைந்தபட்ச விசை, எவ்வளவு சாயலாம் என்கிற எல்லைகளை மீறாத ஒரு பாதையைக் கண்டுபிடிக்கிறது. காற்று தள்ளினால் பழைய பாதையை விட்டுவிட்டுப் புதிதாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் குறைந்தபட்ச விசைதான் கணக்கைச் சிக்கலாக்குவது. நல்ல பாதையைத் தேடுவது, ஒரு தரையில் ஆக ஆழமான இடத்தைத் தேடுவது மாதிரி. மேடும் குழியுமான தரையில் கோலிக்குண்டை உருட்டினால் எந்தக் குழியில் போய் நிற்கும், சொல்ல முடியாது. கும்பாவுக்குள் போட்டால் அடிக்குத்தான் வந்தாக வேண்டும். செவ்வாயில் இறங்குவதற்காக நாசா ஆராய்ச்சியாளர் பெஹ்செட் அச்சிக்மெஷேயும் உடனிருந்தவர்களும் 2007 வாக்கில் செய்தது, அந்த மேடுபள்ளக் கணக்கை விடை மாறாமல் கும்பாக் கணக்காக ஆக்கியதுதான். இந்த ஆராய்ச்சியில் அவரோடு வேலை செய்த லார்ஸ் பிளாக்மோர்தான் பிறகு ஃபால்கன் இறக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் எத்தனை உடைந்தது தெரியுமா? 2015 ஜனவரியில் திசை திருப்பும் துடுப்புகளுக்கான ஹைட்ராலிக் திரவம் பாதியிலேயே தீர்ந்துபோனது. ஏப்ரலில் விசையைக் கூட்டிக் குறைக்கிற வால்வு சொன்ன நேரத்துக்கு அசையவில்லை. ராக்கெட் வந்து நின்று, பக்கவாட்டில் சாய்ந்து வெடித்தது. 2016 ஜனவரியில் ஒரு கால் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. மூன்றுமே இரும்புச் சாமானில் வந்த கோளாறு. என்னைப் போன்ற ரிப்பேர்க்காரனுக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2018 டிசம்பர் 5 சம்பவம். திரும்பி வரும்போது ஃபால்கன் முதலில் குறிவைப்பது கரையில் உள்ள தளத்தை அல்ல, பக்கத்துக் கடலை. எல்லாம் சரியாக இருந்தால்தான் குறி தளத்துக்கு மாறும். அன்று துடுப்பின் பம்ப் நின்றுபோய் ராக்கெட் சுழன்றது. குறி மாறவில்லை. கரையோரத் தண்ணீரில், ஆள் இல்லாத இடத்தில் போய் விழுந்தது. கெட்டால் எங்கே விழ வேண்டும் என்பதை ஒரு மனிதன் முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறான். நீங்கள் 'தானா' என்கிறீர்களே, அது இதுதான்.

இனி உங்கள் பட்டனுக்கு வருவோம். அதற்குத் தெரிந்தது மூன்று வேலை: நீங்கள் போட்டுவைத்த உயரத்துக்கு ஏறு, கிளம்பின புள்ளிக்கு நேர்கோட்டில் போ, இறங்கு. நடுவில் தென்னை நிற்பது அதற்குத் தெரியாது. முன்பக்க ரேடார் உள்ள மாடல் என்றாலும் ஓலையையும் மின்கம்பியையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள்.

பேரணை, கள்ளந்திரி இருபோக வயல்களில் இப்போது மருந்தடிக்கிற அத்தனை பேருக்கும் சொல்கிறேன். ஜி.பி.எஸ். சாட்டிலைட் முழுசாகப் பிடிக்கும் முன் தூக்காதீர்கள். அது வீடு என்று குறித்துக்கொள்வது பக்கத்து ஆள் கிணறாகக்கூட இருக்கலாம். டிராக்டர் டிரெய்லர் மேல் வைத்துக் கிளப்பாதீர்கள், இரும்பு காம்பஸைக் குழப்பும். ராக்கெட் கிளம்பும்போதே திரும்பி வர எரிபொருளை ஒதுக்கி வைக்கிறது. நீங்களோ பேட்டரி கதறும்வரை இன்னொரு பாத்தி, இன்னொரு பாத்தி என்று அடிக்கிறீர்கள். ஆடிக்காற்றில் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்த்து வர வேண்டும். அந்தக் கணக்கை யார் போடுவது?

இறங்க அகலமான இடம் கொடுங்கள். 2019-இல் நிலாவில் இறங்கப்போன சந்திரயான்-2-இன் விக்ரமுக்குக் குறித்த இடம் 500-க்கு 500 மீட்டர். அது விழுந்தபின் சந்திரயான்-3-க்குப் பல கிலோமீட்டராக விரித்தார்கள். நிலாவிலேயே இடம் தாராளமாக விட்டிருக்கிறார்கள், நீங்கள் வரப்பு நுனியில் இறக்குகிறீர்கள். தயவுசெய்து, இறங்கி வருவதைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். பிள்ளைகளை வேடிக்கை பார்க்கக் கம்மாய்க் கரையிலேயே நிறுத்துங்கள்.

அந்தத் தம்பியின் ரிமோட்டைத் திறந்து பார்த்தேன். திரும்பும் உயரம் 15 மீட்டர்.

"தோப்புல மரம் எவ்வளவு ஒசரம்டா?"

"அம்பது அடிக்குக் கொறையாதுண்ணே."

"பதினஞ்சு மீட்டர்னா எத்தனை அடி?"

போனை எடுத்துக் கணக்குப் போட்டான். நாற்பத்தொன்பது என்று வந்தது. திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தான்.